லியருக்குச் சாக அனுமதி இல்லை

ஷேக்ஸ்பியரை யாராவது புதுசாக மேடையேற்றினாலோ படமெடுத்தாலோ போதும், மூலத்தைக் கெடுத்துவிட்டான் பாவி என்று ஒரு கோஷ்டி கிளம்பிவிடும். அவர்கள் சமூகத்துக்கு, லியர் மன்னர் பட்ட பாடு.

1605-ல் லண்டனில் 'கிங் லெய்ர்' என்றொரு நாடகம் அச்சில் வந்தது. எழுதிய புண்ணியவான் பெயர் இல்லை. மூத்த மகள்கள் இருவரும் அப்பாவுக்கு ஐஸ் வைத்து நாட்டைச் சுருட்டுகிறார்கள்; உள்ளதைச் சொன்ன கடைக்குட்டிக்குப் பட்டை நாமம். கடைசியில் அவள் புருஷன், பிரெஞ்சு ராஜா, படையோடு வந்து மாமனாரை மறுபடி சிம்மாசனத்தில் உட்கார வைக்கிறார். சுபம்.

அடுத்த வருஷமே, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ராஜசபையில் ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்'. மனுஷர் கடைக்குட்டி கார்டீலியாவைத் தூக்கில் தொங்கவிட்டு அப்பாவையும் சாகடித்துவிட்டார். பண்டிகையும் அதுவுமாக!

1681-ல் நாஹும் டேட் என்ற கவிஞர் பழுதுபார்க்க வந்தார். லியரோடு திரியும் பபூனுக்குச் சீட்டுக் கிழித்தார். பிரெஞ்சு ராஜாவும் அவுட். மூலத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாத கார்டீலியாவுக்கும் ஒரு பிரபுவின் மகனான எட்காருக்கும் காதல் மூட்டி, ராஜ்யத்தைச் சீதனமாகக் கொடுத்துக் கல்யாணமும் பண்ணி வைத்தார். லியர்? உயிரோடு ரிடையர்டு. ஜனங்கள் நூற்றைம்பது வருஷம் இந்த முடிவைத்தான் பார்த்தார்கள். அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே, கார்டீலியா சாகும் கட்டத்தை மறுபடி படிக்கத் தெம்பில்லாமல் டேட் கட்சியில் சேர்ந்தார்.

1810-லிருந்து பத்து வருஷம் அந்தச் சுப லியரும் கிடையாது. நாட்டை ஆண்ட ராஜா மூன்றாம் ஜார்ஜுக்கே சித்தம் கலங்கியிருந்தபோது பைத்தியக்கார ராஜாவை எவன் மேடையேற்றுவான்? அவர் கண்ணை மூடிய பிறகு, 1823-ல், நடிகர் எட்மண்ட் கீன் சோக முடிவைத் துணிந்து கொண்டுவந்தார். கீன் குள்ளம். கார்டீலியாவாக நடித்த அம்மாளைத் தூக்கிக்கொண்டு அவர் தள்ளாடி வந்ததைப் பார்த்து, அழ வேண்டிய இடத்தில் சபை சிரித்ததாகச் சொல்வார்கள். சீக்கிரமே சுப முடிவுக்குத் திரும்பிவிட்டார். 1838-ல்தான் இன்னொரு நடிகர் மக்ரெடி, ஷேக்ஸ்பியர் எழுதியதை (வெட்டுக்கொத்தோடுதான்) மேடைக்குக் கொண்டுவந்தார். பபூன் வேஷம் கட்டியது பிரிசில்லா ஹார்ட்டன் என்ற இளம்பெண்.

இத்தனைக்குப் பிறகு டைரக்டர் அகிரா குரோசவா 1985-ல் 'ரான்' படத்தை எடுத்து, மகள்களை மகன்களாக்கி, லியரை ஜப்பானியப் பிரபுவாக்கியபோது அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது? ஃபுஜி மலைச் சரிவில் நிஜமாகவே ஒரு கோட்டையைக் கட்டிக் கொளுத்தினார். எரியும் கோட்டையிலிருந்து கிழவர் பேயறைந்த முகத்தோடு படியிறங்கி வருவார்; ரீடேக் எடுக்கக் கோட்டை மிஞ்சாது. ஷேக்ஸ்பியரின் வசனம் ஒரு வரி இல்லை. ஆனால் டேட்டின் லியரைவிட இதுதான் லியர்.

ஓடும் நேரம் 162 நிமிஷம். பபூன் உண்டு, கடைசியில் கல்யாணம் கிடையாது.