மீனின் பெயரில் திரிந்தவர்

ஓமந்தைச் செக் பொயின்ற் 2015 இல் எடுபட்டுப் போச்சு. ஏ9 றோட்டில் பஸ்ஸால் இறங்கி, ஐசியை நீட்டிக்கொண்டு வெயிலில் நின்ற ஆட்களுக்கு ஒன்று நல்லாத் தெரியும்: அங்கே நீங்கள் ஆர் என்பது முக்கியமில்லை, பதிவில் ஆர் என்பதுதான் முக்கியம். பெரிய பெரிய ஆஸ்பத்திரி லாப்களிலும் இதே சட்டம்தான் ஓடியிருக்கு. அங்கே பிடிபடாமல் போனது ஒரு பங்கசு.

ஐயாவின் பெயர் கன்டிடா ஓரிஸ். மதுவ இனம். 2009 இல் ஜப்பானில், 70 வயது அம்மா ஒருவரின் காதுக்குள் இருந்து அறிமுகமானார். எவ்வளவு அடக்கமான என்ட்ரி! காதோடு கிடக்கிற அப்பாவி என்று நினைத்தார்கள். பிறகு கொரியாக்காரர் பழைய சாம்பிள்களைக் கிளறிப் பார்த்தால், 1996 இலேயே ஒரு நோயாளியின் இரத்தத்தில் இருந்திருக்கிறார். அறிமுகப்படுத்தப்பட முதலே ஆள் வேலையைத் தொடங்கியாச்சு.

அடுத்தது டில்லி. 2009 தொடக்கம் 2011 வரை இரண்டு ஆஸ்பத்திரிகளில் 12 நோயாளிகள். கிருமியை அடையாளம் காண்கிற, லட்சக்கணக்கில் விலைபோகிற விட்டெக் மெஷின் யோசித்து யோசித்துச் சொன்ன பெயர்: கன்டிடா ஹெமுலோனி. அது ஆர் தெரியுமோ? 1962 இல் விவரிக்கப்பட்ட ஒன்றுவிட்ட சொந்தம். முதலில் அகப்பட்டது பஹாமாஸ் பக்கத்துக் கடல்மீன் ஒன்றின் குடலில்! கடலே இல்லாத டில்லியில், ஐசியூ கட்டிலில் கிடக்கிற மனுசனுக்கு மீனின் பங்கசு என்று றிப்போர்ட். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது பிரின்ட் ஆகி வந்தது.

மற்ற சோதனைக் கிட் இன்னும் கெட்டிக்காரன். ரொடோடொருலா என்று அடித்துச் சொல்லும். ரொடோடொருலா செக்கச் சிவந்த ஆள். தட்டில் வளர்ந்திருந்ததோ வெள்ளை வெளேர் என்று.

மெஷினைத் திட்டேலாது, பாவம். பதிவில் இல்லாதவரைக் கண்டால் 'தெரியாது' என்று சொல்ல எங்களுக்கே கூச்சம். அதுவும் கிட்டின சொந்தக்காரரின் பெயரைப் போட்டு அனுப்பிவிடும். கடைசியில் வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழு டிஎன்ஏயை வாசித்து, 2013 இல் உண்மையான பெயரை வெளியிட்டது.

பெயர் என்னவாக இருந்தால் என்ன, மருந்தைக் குடுத்தால் சரிதானே என்பீர்கள். அங்கேதான் இன்னொரு பெரிய மனுசர் விழுகிறார்: ஃபுளுகொனசோல். 1990 இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கின நாள் தொடக்கம் ஹீரோ. பங்கசு தன் மென்சவ்வுக்கு எர்கோஸ்டெரோல் செய்கிற நொதியத்தைப் பிடித்து அமத்துவதுதான் அவர் வேலை. ஓரிஸ் அந்த நொதியத்தில் ஒரு சின்ன இடத்தை மாற்றிவிட்டுது. மருந்து வந்தாலும் பிடிக்க இடமில்லை. மீறி உள்ளே வந்த மிச்சத்தை வெளியே தள்ள பம்ப் வேறு! இந்தியா, பாகிஸ்தான், தென்னாபிரிக்கா, வெனிசுவேலா என்று 54 நோயாளிகளிடம் எடுத்துப் பார்த்தபோது 93 வீதம் ஹீரோவுக்கு மசியவில்லை. நோயாளியையே நடுங்கவைக்கிற அம்ஃபொடெரிசின் என்ற இன்னொரு மருந்துக்கு 35 வீதம் டாட்டா காட்டின.

மீன் புகழ் ஹெமுலோனியும் மருந்துக்கு லேசில் அடங்காது, குடும்பக் குணம். ஆனால் கட்டிலுக்குக் கட்டில் தாவி வார்டையே பிடிக்கிற கெட்டித்தனம் ஓரிசுக்குத்தான். 2022 இல் உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான பங்கசுகளுக்குப் பட்டியல் போட்டபோது, ஐயாவுக்கு முதல் வரிசையில் கதிரை.

கடைசியாக ஒக்ஸ்ஃபோர்ட். பெயரைக் கேட்டாலே எழும்பி நிற்கத் தோன்றும் இல்லையா? 2015 முதல் 2017 வரை அங்கத்தைய நரம்பியல் ஐசியூவோடு தொடர்பாக 70 பேரில் ஓரிஸ். எங்கேயிருந்து வருகிறது? சுற்றுச்சூழலைத் துடைத்துத் துடைத்துச் சோதித்தார்கள், பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. மரபணுவையும் வாசித்தார்கள். பிடிபட்டது, ஒரு நோயாளியின் கமக்கட்டில் இருந்து அடுத்தவரின் கமக்கட்டுக்கு மாறி மாறிப் போன வெப்பமானி. பெரிய பெரிய மருந்துக்கெல்லாம் அசையாத பங்கசு, காய்ச்சல் பார்க்கிற கருவியில் ஏறித்தான் வார்டு முழுக்கச் சுற்றியிருக்கிறது.