பொம்மை ரயிலின் மெய்ம்மை குறித்த ஒரு சூட்சும விசாரணை

உலகத்தில் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்ட பொருள் ஒன்றுமில்லை என்பதும், பொருள் சிறுத்துக்கொண்டே போகப் போக ஆராய்ச்சி பருத்துக்கொண்டே வரும் என்பதும் கற்றோர் பலகாலம் அநுபவித்துக் கண்ட உண்மைகளாதலால், 1923-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டான்காஸ்டர் பட்டறையில் நைஜல் கிரெஸ்லியின் திட்டப்படி உருவாகி, பிற்பாடு ‘பிளையிங் ஸ்காட்ஸ்மன்’ என்று உலகப் பிரசித்தி பெற்ற நீராவி எஞ்சினை எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கி (சரியாகச் சொன்னால் 76.2-இல் ஒரு பங்கு, இந்தப் புள்ளி இரண்டை விட்டுவிட்டால் இக்கட்டுரையை எழுதும் தகுதியையே நான் இழந்துவிடுவேன்) புதிதாக வெளியிட்டிருக்கும் பொம்மையொன்று மெய்யானதுதானா என்னும் விவகாரத்தை விசாரிக்கப் புகுந்தமைக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கோரவேண்டியதில்லை.

எனக்குக் கிடைத்த ஆதாரங்கள் இவை: யார்க் நகரத்தில் நான் விருந்தாளியாகத் தங்கியிருந்த ஒரு வீட்டின் மாடியறை, அங்கே மேசைமேல் விரித்திருந்த தண்டவாளம், அதனைச் சுற்றி மாலைதோறும் கூடிய வயது முதிர்ந்த கனவான்கள் மூவர், நான் எழுதி வைத்துக்கொண்ட குறிப்பேடு ஒன்று. பொம்மையைச் செய்த கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், எந்த வருஷத்துப் பெட்டி, எத்தனையாவது வெளியீடு என்னும் துணைக் கேள்விகள் எழுந்து, இப்பாயிரமே தனி நூலாகிவிடும்.

இனிப் பெயர் குறித்த அத்தியாயம். எஞ்சினால் ரயிலுக்குப் பெயர் வந்ததா, ரயிலால் எஞ்சினுக்குப் பெயர் வந்ததா எனின், ரயிலே மூத்தது. அத்தியாயம் முற்றிற்று.

விலை குறித்த அத்தியாயம் கிடைத்த ஏடுகளில் காணப்படவில்லை.

காலம் குறித்த அத்தியாயத்தை அவ்வளவு எளிதாகக் கடக்கவியலாது. ஒரே பொருளுக்குப் பல அவதாரங்கள் உண்டு என்பதில் நமக்கு ஆச்சரியம் இல்லையாயினும், இவ்வெஞ்சினின் அவதாரங்களைக் கணக்கிடத் தனிப் பொறுமை வேண்டும். பிறந்தபோது அதற்குப் பெயர் கிடையாது. எண் மட்டும் 1472. மறு ஆண்டு வெம்பிளிப் பொருட்காட்சிக்குப் போகும்போதுதான் பெயரும், 4472 என்னும் எண்ணும் வந்து சேர்ந்தன. 1946-இல், ஒரே ஆண்டுக்குள், 502 ஆகிப் பிறகு 103 ஆயிற்று. ரயில்வேக்கள் தேச உடைமையான 1948-இல் முதலில் ஈ103, அப்பால் 60103. ஏ1 வகுப்பில் பிறந்தது, 1947 ஜனவரியில் பாய்லர் மாற்றப்பெற்று ஏ3 வகுப்பாயிற்று. 1959-இல் இரட்டைப் புகைபோக்கி முளைத்தது. 1961-இல் புகை ஓட்டுநரின் கண்ணை மறைக்காதபடி முகத்தின் இருமருங்கும் தகடுகள் முளைத்தன. வலப்பக்கம் நின்று ஓட்டிய ஓட்டுநர் இடையில் ஒரு காலத்தில் இடப்பக்கம் மாறிக்கொண்டார். ஆகவே, புதிய மாதிரியைப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே ரசிகர் கேட்கும் முதற் கேள்வி ‘இது எந்த எஞ்சின்?’ என்பதன்று, ‘இது எந்த மாதம்?’ என்பதே. நம்மவர் ஒரு நூலின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னுமாக மனங்கூசாமல் தள்ளிவைக்கும் தாராளத்தை நினைத்து, அவர்களுக்கு முன்னால் நான் சற்றே நாணினேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தயக்கத்தோடு பதிவு செய்கிறேன். யார்க் நகரத்தில்தான் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. மேற்படி எஞ்சின் 2004 முதல் அதன் சொத்து. அன்றைக்கு அது ஊரில்தான் இருந்தது. ‘இவ்வளவு சந்தேகம் எதற்கு? பொடிநடையாகப் போய் அசலையே பார்த்துவிட்டால் என்ன?’ என்று நான் கேட்டேன். அறையில் நிசப்தம் நிலவியது. பூஜையறைக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல மூவரும் என்னைப் பார்த்தார்கள். மூத்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த பரிவோடு, ‘அதைப் பிரமாணமாகக் கொள்ள முடியாது, அதில் பிழைகள் மலிந்திருக்கின்றன’ என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயமே. 1963-இல் அரசாங்க ரயில்வே கைவிட்ட அவ்வெஞ்சினை ஆலன் பெக்லர் என்பவர் விலைக்கு வாங்கி, பழைய இளம்பச்சை பூசி, பழைய 4472-ஐயும் எழுதி ஓடவிட்டார். உலகமே அதைத் தரிசித்து மகிழ்ந்தது. ஆனால் அதன் உடம்பில் இருந்தது ஏ3 வகுப்புப் பாய்லர். ஏ3 ஆன 1947-இலோ அதன் எண் 103. அதாவது, 4472 என்ற எண்ணும் ஏ3 என்ற வகுப்பும் பழைய ரயில்வே கம்பெனி ஓட்டிய காலத்தில் ஒருநாளும் ஒன்றாக வாழ்ந்ததில்லை. பட்டறைக்குப் போன எஞ்சினுக்குக் கையில் கிடைத்த வேறொரு பாய்லரைப் பூட்டி அனுப்புவது அந்நாளைய சம்பிரதாயமாதலால், இன்றைக்கு நிற்கும் அசலில் 1923-இன் இரும்பு எவ்வளவு என்று கேட்பதும் நாகரிகமன்று. 2016-இல் பழுது தீர்ந்து வந்தபோது அது 60103 என்ற எண்ணோடும், முகத்தகடுகளோடும், முன்னதைவிடக் கருத்த வேறொரு பச்சையோடும் வந்தது. ஆக, 1934 நவம்பர் 30-ஆம் நாள் மணிக்கு நூறு மைல் வேகத்தை எட்டிய எஞ்சினைக் காண விரும்புகிறவன் அசலைப் பார்த்தால் ஏமாந்துபோவான். பொம்மையைப் பார்ப்பதே முறை. அசலைவிட நகல் மெய்யானது என்னும் இந்தச் சித்தாந்தத்தைப் பூர்வாசாரியர் எவரும் இவ்வளவு சுலபமாக நிலைநாட்டியதில்லை.

நிறம் குறித்தும் சிறிது சொல்லவேண்டும். யுத்த காலத்துக் கறுப்பையும் அதன் பின்வந்த நீலத்தையும் ஒதுக்கிவிட்டாலும், அந்த இளம்பச்சை எத்தன்மையது என்பதில் உடன்பாடில்லை. ஒருவர், அசலின் வர்ணத்தை அப்படியே பூசுவதுதான் சத்தியம் என்கிறார். மற்றவர், உருவம் சிறுத்தால் கண்ணுக்கு நிறம் கருத்துத் தோன்றுமாதலால், வர்ணத்தையும் அதே விகிதத்தில் வெளுக்கச் செய்யவேண்டும் என்கிறார். மூன்றாமவர் இரண்டையும் கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்துகிறார். யார்க்ஷயரின் வடக்கு வெளிச்சத்தில் எந்தப் பச்சையையும் தீர்மானிக்கலாகாது என்பது அவர் பக்ஷம் (காண்க: என் குறிப்பேடு, பக்கம் 3).

இனி இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகிய ரிவெட்டுக்கு வருவோம். அந்நாட்டில் இத்துறை வல்லாரை மற்றவர்கள் ‘ரிவெட் எண்ணுவோர்’ என்று அழைப்பார்கள். அது வசை என்று அழைப்போரும் பட்டம் என்று பெற்றோரும் கருதுவதால் இருசாராருக்கும் மனக்குறை இல்லை. ரிவெட்டின் தலை ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும், 76.2-இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது அது மில்லிமீட்டரில் சரியாக மூன்றில் ஒரு பாகம். பக்கத்தில் ஒரு கடுகை வைத்தால் கடுகு பூசணிக்காயாகத் தோன்றும். புதிய மாதிரியில் எஞ்சினை அடுத்து நிலக்கரியும் தண்ணீரும் சுமந்துவரும் டெண்டர் இருக்கிறதே, அதன் இடப்பக்கத் தகட்டில் இத்தகைய ரிவெட் ஒன்று குறைகிறது என்று இரண்டாவது கனவான் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை பூதக்கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு அறிவித்தார் (குறிப்பேடு, பக்கம் 7, தேநீர்க் கறைக்கு மேலே). மற்ற இருவரும் தனித்தனியே எண்ணினார்கள். குறைவது உண்மை.

முதற் கொள்கை, கம்பெனி அச்சுவார்ப்பில் விட்டுவிட்டது என்பது. இது எளிமையாக இருந்த காரணத்தாலேயே நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது, பொம்மை காட்டும் அந்தக் குறிப்பிட்ட நாளில் அசலிலேயே அந்த ரிவெட் இருந்திருக்காது, கம்பெனிக்காரர் நம் எல்லோரையும்விட நுட்பமாகப் படித்திருக்கிறார் என்பது. மூன்றாவதைத்தான் நான் ‘தொப்பிக் கொள்கை’ என்று பெயரிட்டு உலகுக்கு வழங்குகிறேன். அதாவது, கம்பெனி ஆதாரமாகக் கொண்ட பழைய புகைப்படம் ஒன்றில் டெண்டருக்கு முன்னால் தொப்பி அணிந்த ஒருவர் நிற்கிறார்; அவருடைய தொப்பியின் உச்சி சரியாக அந்த இடத்தை மறைக்கிறது; மறைந்ததை இல்லாததாகக் கொண்டுவிட்டார்கள். உடனே ஆராய்ச்சி ரிவெட்டை விட்டுத் தொப்பியைப் பற்றிக்கொண்டது. அவர் நடைமேடையில் நிற்கிறாரா, தரையில் நிற்கிறாரா? தரையிலாயின் ஆறடிக்குமேல் உயரம் வேண்டும். அது ஓட்டுநரின் தொப்பியா, ஸ்டேஷன் உத்தியோகஸ்தரின் தொப்பியா? உத்தியோகஸ்தர் என்றால் புறப்படுமுன் எடுத்த படம், ஓட்டுநர் என்றால் வந்து சேர்ந்தபின் எடுத்த படம், வந்து சேர்ந்தபின் என்றால் வழியில் ரிவெட் கழன்று விழுந்திருக்கலாம் என்று இரண்டாம் கொள்கை பின்வாசல் வழியாக மறுபடி உள்ளே வருகிறது (குறிப்பேடு, பக்கம் 11, இதை மறுத்து, அதே பக்கத்தின் ஓரத்தில், வேறு கையெழுத்தில், ‘தொப்பி அன்று, நிழல்’ என்று பென்சிலால் எழுதியது, அதையும் மறுத்து, வீட்டுக்காரரின் ஆறு வயதுப் பேத்தி சிவப்பு வண்ணக்கோலால் வரைந்த பூனை, இப்பூனையின் வாலை ஒரு வினாக்குறியாகக் கொள்ளலாமென்றும், கொண்டால் பென்சிற்குறிப்பு சந்தேகத்துக்கு இடமாகிறதென்றும் பக்கம் 12-இல் நானே எழுதியிருக்கிறேன், ஏன் எழுதினேன் என்பது பக்கம் 13-இல் இருந்தது, அந்தத் தாளில்தான் அன்றைக்கு அவர்கள் பிஸ்கோத்து மடித்துக் கொடுத்தார்கள்). நம் ஊரில், சுவடியில் செல்லரித்துப்போன ஒரு சீருக்கு மூன்று பதிப்பாசிரியர்கள் மூன்று பாடங்களை ஓதி, ஒருவரையொருவர் முன்னுரைகளில் கண்டித்து, செல்லரிக்காத சீர்களுக்கு மூவருமே பொருள் சொல்லாமல் விட்டதை நான் படித்திருக்கிறேன். ஆகையால் எனக்கு அந்த மாடியறை சொந்த ஊர்போலவே இருந்தது.

இவ்வாறு பதினோரு நாட்கள் கழிந்தபின், பொழுது போகாமல், பேத்தியின் பள்ளிக்கூட அளவுகோலை வாங்கித் தண்டவாளத்தின் அகலத்தை அளந்தேன். பதினாறரை மில்லிமீட்டர் இருந்தது. அதை 76.2-ஆல் பெருக்கினால் 1257 மில்லிமீட்டர், அதாவது நாலடி ஒன்றரை அங்குலம் வருகிறது. அசல் தண்டவாளமோ நாலடி எட்டரை அங்குலம், 1435 மில்லிமீட்டர். ஏழு அங்குலம் குறைகிறது! கண்ணுக்குத் தெரியும்படி சொன்னால், காணாமற்போன அந்த ரிவெட்டின் தலையைப்போல ஏழு தலைகளை வரிசையாக வைத்தால் எவ்வளவோ அவ்வளவு குறைகிறது. நான் இதைச் சொன்னபோது மூவரில் ஒருவரும் தலைநிமிரவில்லை. ‘அது ஓஓ அளவு’ என்றார் மூத்தவர், ‘அது நம் பாக்கியம்’ என்று ஒரு விதவை சொல்லும் குரலில்.

அதன் வரலாறு இது. ஐரோப்பாவில் ஓரடியை மூன்றரை மில்லிமீட்டராகச் சுருக்கிப் பதினாறரை மில்லிமீட்டர்த் தண்டவாளத்தில் ஓட்டினார்கள்; அளவு பொருந்திற்று. பிரிட்டிஷ் எஞ்சின்களோ ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒடுங்கியவை; அவற்றை அந்த அளவுக்குச் சுருக்கினால் அந்நாளைய மோட்டார் உள்ளே நுழையவில்லை. அதனால் உடம்பை மட்டும் அடிக்கு நாலு மில்லிமீட்டராகப் பெருக்கிவிட்டு, தண்டவாளத்தைப் பழையபடியே விட்டுவிட்டார்கள். அண்ணனுக்குச் சட்டை, தம்பிக்குச் செருப்பு, இருவரும் ஒரே ஆள். அடியை மில்லிமீட்டரால் அளப்பதே முழத்தை மரக்காலால் அளக்கிற காரியம் என்பதை நான் நாகரிகம் கருதிச் சொல்லவில்லை. இந்த அநீதியைப் பொறாதவர்களும் அந்நாட்டில் உண்டு: 18.2 மில்லிமீட்டரில் ஓட்டும் ஈஎம் மதத்தார். நாலடி எட்டரை அங்குலத்துக்குக் கணக்குப் பிசகாத 18.83-இல் ஓட்டும் பி4 மதத்தார். பின்னவர் முன்னவரைப் பாதிக் கிணறு தாண்டியவர் என்பார். முன்னவர் பின்னவரின் வண்டி ஓடி யாரும் பார்த்ததில்லை என்பார். கோயில் யானைக்கு எந்த நாமம் என்று காஞ்சியில் வழக்காடிய மரபில் வந்த நாம் இதில் தலையிடாமலிருப்பது நலம்.

வளைவு இன்னும் விநோதம். மேசைத் தண்டவாளத்தில் சாதாரணமாகக் காணும் வளைவின் ஆரம் 438 மில்லிமீட்டர். அசலுக்கு மாற்றினால் முப்பத்துமூன்று மீட்டர். ஏறத்தாழ எழுபதடி நீளமுள்ள விரைவு எஞ்சின் அத்தகைய வளைவில் திரும்ப நினைத்தால் தடம்புரண்டு வயலில்தான் நிற்கும். பொம்மை திரும்புகிறது, எப்படியெனில், இவ்வகை மாதிரிகள் பலவற்றில் பின்சக்கரத்துக்கு விளிம்பே வைப்பதில்லை, அது தண்டவாளத்தைத் தொட்டும் தொடாமலும் மிதந்து வருகிறது. சுயம்வர மண்டபத்தில் தமயந்தி, கால் நிலத்தில் தோயாமையைக் கண்டு தேவர்களைப் பிரித்தறிந்தாள் என்பார்கள்; அவள் அந்த மாடியறைக்கு வந்திருந்தால் எஞ்சினுக்கும் மாலையிடாமல் போயிருப்பாள். மணிக்கு நூறு மைல் என்பதைச் சுருக்கினால் விநாடிக்கு ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர் ஆகிறது. அந்த வேகத்தில் அதை ஓட்டிப் பார்க்கும் யோசனை எழவே இல்லை, ரிவெட் விவகாரம் தீராமல் தண்டவாளத்தில் இறக்குவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்திருந்தார்கள்.

இவ்வளவும் கண்டு நகைத்தவனாக ஊர் திரும்பிய எனக்கு, ஒரு வாரமாகத் தூக்கமில்லை. நிழல் என்ற பென்சிற்குறிப்பு தவறு; வெளிச்சம் வலப்புறமிருந்து வந்திருந்தால் நிழல் அந்த இடத்தில் விழ நியாயமில்லை. ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: 1934-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் எடுத்த, இவ்வெஞ்சினின் டெண்டர் இடப்பக்கமாகத் தெரிகிற, தொப்பிக்காரர் ஓரடியாவது தள்ளி நிற்கிற புகைப்படம் யாரிடமேனும் இருந்தால், ஓரங்களை வெட்டாமல் இப்பத்திரிகையின் மூலம் எனக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். தபாற்செலவு என்னுடையது.