குழாய் பிடிப்பதா பிரதமர் வேலை?

பாவம் ஸ்காட் மோரிசன்! அப்படியென்ன செய்துவிட்டார்? 2019 டிசம்பரில் ஆஸ்திரேலியக் காடுகள் பற்றி எரிந்துகொண்டிருந்தபோது குடும்பத்தோடு ஹவாய்க்குப் போனார். ஊர் புகையில் இருமும்போது பிரதமரும் கூட நின்று இருமினால் தீ அணைந்துவிடுமா? வசவு தாங்காமல் ஊர் திரும்பக் கிளம்பும் முன், தண்ணீர்க் குழாய் பிடிப்பவன் நானில்லை என்று வானொலியில் விளக்கமும் சொன்னார். உண்மைதானே? அவர் பிடித்தது வேறு.

2017 பிப்ரவரியில், நிதியமைச்சராக இருந்தபோது, நாடாளுமன்றத்துக்கு ஒரு நிலக்கரிக் கட்டியைத் தூக்கிவந்தார். பூச்சாண்டி இல்லையென்று பிள்ளைக்குச் சொல்வதுபோல, "இது நிலக்கரி, பயப்படாதீர்கள்" என்றார். கை கறுக்காதிருக்க அதற்கு வார்னிஷ் பூசியிருந்ததாகச் செய்தி. ஆளத் தெரிந்தவர்கள்! கரி அவர்கள் கையில் ஒட்டக்கூடாது. ஊரான் நுரையீரலில் ஒட்டினால் போதும்.

ஒட்டியது. 2019-20 கோடையில் தீ நேரடியாகக் கொன்றது 33 பேரை. புகை கொன்றது நானூறுக்கும் மேல் என்பது ஆய்வாளர் கணிப்பு. மடிந்ததும் இடம்பெயர்ந்ததுமாக விலங்குகள் ஏறத்தாழ 300 கோடி. இவற்றுக்கு வாக்குரிமை இல்லாதது ஆட்சியாளர் செய்த புண்ணியம்.

முன்னாள் தீயணைப்புத் தலைவர்கள் 23 பேர் 2019 ஏப்ரலிலேயே எச்சரித்துப் பிரதமரைச் சந்திக்க நேரம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. நெருப்போடு ஆயுசைக் கழித்தவர்களுக்கு நெருப்பைப் பற்றி என்ன தெரியும்!

குழாயைப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத் தொண்டர்கள். பிரதமர் ஹவாயில் இருந்த நாளில்தான், மரம் சாய்ந்து வண்டி கவிழ்ந்து இரண்டு தொண்டர்கள் செத்தார்கள். இருவர் வீட்டிலும் இரண்டு வயது நிரம்பாத குழந்தை.

திரும்பிவந்தவர் கோபார்கோ ஊருக்கு ஆறுதல் சொல்லப் போனார். ஒரு கர்ப்பிணிப் பெண் கை நீட்டவில்லை. தீயணைப்புப் படைக்குப் பணம் கொடுத்தால்தான் கை கொடுப்பேன் என்றாள். அவரே அவள் கையை எடுத்துக் குலுக்கிவிட்டு முதுகைக் காட்டி நடந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது அல்லவா?

2022 தேர்தலில் மக்கள் அவர் ஆட்சியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் குவீன்ஸ்லாந்தில் நம்மூர் அதானியின் கார்மைக்கேல் சுரங்கம் கரியை அள்ளிக் கப்பலேற்றிக்கொண்டுதான் இருந்தது. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பது நம் கிழவிகளுக்கே தெரியும், கான்பராவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பிடுங்கினால் யாருடைய கல்லா காலியாகும் என்பதும் தெரியும். அதனால்தான் கொள்ளியை விட்டுவிட்டு, கூலியில்லாதவன் கையில் குழாயைக் கொடுத்துச் சாக அனுப்புகிறார்கள்.