நாகூர் ஹனிபா ரசிகர்கள்: வகையும் தொகையும்

நாகூர் ஈ. எம். ஹனிபாவின் ரசிகர் என்பவர், அவருடைய பாட்டைப் பிறர் கேட்க விடாதவர். தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் இவர் உண்டு என்றாலும், இராமநாதபுரம் கடற்கரையில் அடர்த்தி அதிகம். பெரியபட்டினத்தில் மிக அதிகம். சந்தனக்கூடு, நிக்காஹ், நோன்பு மாதம் ஆகிய மூன்றும் இவருக்குரிய பருவங்கள். போன வாரக் கல்யாணப் பந்தல் ஒன்றில் நடந்த அக்கிரமத்துக்குப் பின், இவரை வகைப்படுத்தி வைப்பது அவசியமாகிவிட்டது.

'இசை முரசு' ஹனிபா 1925 டிசம்பர் 25-இல் பிறந்தது இராமநாதபுரத்தில். பெயரோடு ஒட்டிக்கொண்டது நாகூர். இந்த அநியாயத்தை மாவட்ட ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. முறையாகச் சங்கீதம் படிக்காத குரல். மைக் கெட்டுப்போனாலும் கச்சேரி நிற்காத குரல். மீலாது மேடையில் மார்க்கப் பாட்டு, தி.மு.க. மேடையில் கட்சிப் பாட்டு, தொண்டை ஒன்றுதான். சினிமாவிலும் 'பாவமன்னிப்பு' (1961), இளையராஜா இசையமைத்த 'செம்பருத்தி' (1992) போன்ற படங்களில் அவ்வப்போது தலைகாட்டியது. சட்ட மேலவை உறுப்பினராகவும் வக்ஃபு வாரியத் தலைவராகவும் இருந்தார். 2015 ஏப்ரல் 8-இல் சென்னையில் காலமானார். ரசிகர்கள் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

பாசம் குறையாததற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இலங்கை வானொலி. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிபரப்பானது இந்தக் கரையில் பக்கத்து வீட்டுச் சண்டை போலத் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது, கேசட். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போன சபுராளிகளின் பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் அதற்கொரு இடம் இருந்தது.  இனி வகைகளுக்கு வரலாம்.

முதல் வகை, கூடப் பாடுவோர். ஹனிபா எடுத்த சுருதியிலேயே எடுப்பார்கள். இரண்டாம் அடியில் ஒரு கனைப்பு. மூன்றாம் அடியில் குரல் படியிறங்கும். சரணத்துக்கு வார்த்தை தெரியாது. கையை மட்டும் உயர்த்திச் சமாளிப்பார்கள். கடைசியில் "தொண்டை கட்டியிருக்கு" என்பார்கள். வருஷம் முழுக்கக் கட்டியிருக்கும்.

இரண்டாம் வகை, சோடா கொடுத்தோர். ஹனிபா முன்னொரு காலம் இந்தப் பக்கம் கச்சேரிக்கு வந்தார், நடுவில் சோடா கேட்டார், ஓடிப்போய்க் கொடுத்தது தாங்கள் அல்லது தங்கள் வாப்பா அல்லது தங்கள் மாமா என்பது இவர்களது கொள்கை. பல்லவி தொடங்கியதும் வழக்கும் தொடங்கும்.

"அது எழுவத்தெட்டு, காக்கா."

"எம்பதுடா. ஒனக்கென்ன தெரியும்? எங்க வாப்பாதான் கலரு வாங்கிக் குடுத்தாஹ."

"கலரு இல்ல காக்கா, பன்னீர் சோடா. ஒடச்சதே எங்க மாமா."

இவ்வகைக்கு உட்பிரிவுகள் உண்டு: சோடாவை உடைத்தவர், மேடைவரை கொண்டுபோனவர், காலிப் பாட்டிலை வாங்கியவர், அதைத் திருப்பிக் கொடுக்காமல் வீட்டில் வைத்திருப்பவர், வைத்திருப்பதைப் பார்த்தவர். காசு கொடுத்தவர் என்று ஒரு பிரிவு இல்லை. சோடாக் கடைக்காரரின் பேரன் அதை இன்றும் சொல்லிக் காட்டுகிறார். கச்சேரிக்குப் பல வருஷம் கழித்துப் பிறந்தவர்களும் கொடுத்திருக்கிறார்கள். எல்லாக் கணக்கையும் கூட்டினால் அன்று மேடையேறியது ஒரு கிரேட்டுக்குக் குறையாது. அவ்வளவையும் குடித்தவருக்கு ஏப்பம் வருமே தவிர உச்சஸ்தாயி வராது. இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினால் "அதுனாலதான் அவர் ஹனிபா" என்று பதில் வரும். இதற்கிடையில் சுக்குக் காப்பிக் கட்சி ஒன்றும் உண்டு. பாடுகிறவர் சோடாவைத் தொடவே மாட்டார், பிளாஸ்க்கில் சுக்குக் காப்பிதான் இருந்தது என்பது அவர்கள் வாதம். இவர்கள் வாயைத் திறந்ததும், அதுவரை தங்களுக்குள் அடித்துக்கொண்ட கலர்க்காரர்களும் பன்னீர்க்காரர்களும் ஒரே அணியில் சேர்ந்துவிடுவார்கள். பிளாஸ்க் யார் வீட்டுப் பிளாஸ்க் என்று கேட்கப்படும். அதற்கும் இருவர் கை தூக்குவார்கள். தீர்ப்பு வருவதற்குள் பாட்டு முடிந்திருக்கும். "என்ன பாட்டுப்பா!" என்று எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் வகை, ரேடியோ செட்டுக்காரர். இவர் மற்ற எல்லோரையும்விடப் பெரிய ரசிகர். ஹனிபா பாட்டு இல்லாமல் குழாய் கட்ட மாட்டார். போன வாரம், சகன் தட்டில் நெய்ச்சோறு வருவதற்கு முன், இறைவனிடம் கையேந்தச் சொல்லும் ஹனிபா பாட்டைப் போட்டார். அதிசயமாகப் பந்தல் அடங்கியது. காக்காமார் சோடாவை மறந்தார்கள். கூடப் பாடுவோருக்கு உண்மையிலேயே தொண்டை கட்டியிருந்தது. சரணத்தில் குரல் ஏறும் இடம் வந்தது, ஏறத் தொடங்கியது.

"டி.என். 65, வெள்ளைக் கலர் காரு, வழிய மறைச்சு நிக்கிது. உரியவர்கள் உடனடியா வந்து எடுக்கவும்."

மூன்று தடவை சொன்னார். பிறகு வேறு பாட்டுக்குத் தாவிவிட்டார். விட்ட இடத்திலிருந்து போடும்படி கேட்டதற்கு, "எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுத்தானே" என்றார்.

எல்லோருக்கும் நெய்ச்சோறும்தான் தெரியும். அதற்காகப் பாதியில் சகனைத் தூக்குவதில்லை.

ஆகவே இந்த மாவட்டத்து ரேடியோ செட்டுக்காரர்கள் அனைவருக்கும் ஒரு விண்ணப்பம்: ஹனிபா பாடி முடிக்கட்டும், அப்புறம் அறிவிப்புச் செய்யுங்கள். அதற்குள் கார் எங்கேயும் போய்விடாது; புகாரே அதுதானே.