உமக்கு வேணுமெண்டால் அது வைரஸ் இல்லை, மருமோன்

வாரும் மருமோன், இரும். முகத்தைப் பாத்தாலே தெரியுது, அன்ரிவைரஸ் திரும்பவும் கத்திப்போட்டுது. டவுன்லோட் பண்ணின சாமானைத் தூக்கி அடைச்சுப்போட்டுதாக்கும். "மாமா, உது பிழையான எச்சரிக்கை" எண்டுறீர். உம்மட வழக்கம் எனக்குத் தெரியாதே? உமக்கு வேணுமான சாமானைப் பாத்துக் கத்தினால் அன்ரிவைரஸுக்கு விசர். என்ர மகள் சட்டை வெட்டுற அளவுப்படம் இறக்கேக்க கத்தினால், "நல்ல காலம், காப்பாத்திப்போட்டுது" எண்டு கும்பிடுறீர். உப்பிடி ஒரு நீதவான் எங்கட பக்கத்தில இருந்திருந்தால் ஒரு காணி வழக்கும் இழுபட்டிராது.

நீர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு, இல்லையெண்டு சொல்லமாட்டன். 2010 ஏப்ரல் 21 அண்டு மக்கஃபி எண்ட அன்ரிவைரஸ் கொம்பனி விட்ட அப்டேட் ஒண்டு, விண்டோஸ் எக்ஸ்பி ஓடுறதுக்கே தேவையான ஒரு கோப்பை வைரஸ் எண்டு பிடிச்சுது. கொம்பியூட்டருகள் அணைஞ்சு பத்தி, அணைஞ்சு பத்தி நிண்டுது. அவுஸ்திரேலியாவில கோல்ஸ் சுப்பர்மார்க்கெட்டுக்காரர் சில கடையளைச் சாத்த வேண்டி வந்தது. அடுத்த வருசம் செப்டெம்பரில மைக்ரோசொஃப்டின்ர அன்ரிவைரஸ், கூகிள் குரோமைப் பாத்து பாஸ்வேட் திருடுற வைரஸ் எண்டுது. போட்டிக் கொம்பனியின்ர சாமான்... நான் ஒண்டும் சொல்லேல்லை. 2012 செப்டெம்பரில ஒக்ஸ்ஃபோர்டுக்குக் கிட்ட அபிங்டனில இருக்கிற சோஃபொஸ் எண்ட அன்ரிவைரஸ் கொம்பனி எல்லாரையும் வெண்டுது. தன்ர அப்டேட்டை வாங்கிப் போடுற புரோகிராமையே வைரஸ் எண்டு பிடிச்சுது. பிறகு கொம்பனி திருத்தம் அனுப்பினாலும் அதை வாங்கிப் போட ஆள் வெளியில இல்லை.

ஏன் உப்பிடி நடக்குது? எங்கட ஊரில ஒரு விதானையார் இருந்தவர். புது முகம் கண்டால் சைக்கிளை மறிச்சு, "நீர் ஆற்ற பிள்ளை?" எண்டு கேப்பார். சொந்தக்காரரின்ர பேர் சொல்லத் தெரியாதவன் எல்லாம் அவருக்குக் கள்ளன். விண்டோஸில இருக்கிற ஸ்மார்ட்ஸ்கிரீனும் அந்த விதானையார்தான். கனபேர் இறக்காத புரோகிராம், செய்தவன் காசு கட்டி டிஜிட்டல் கையெழுத்து வாங்காத புரோகிராம் எண்டால் மறிச்சுப்போடும். சனத்துக்குச் சும்மா குடுக்கிற ஏழைப் பெடியன் புது வேர்சன் விட்டால், அதுக்கும் முதலில இருந்து விசாரணை.

தமிழ் தட்டுற புரோகிராமுகளுக்கும் உந்தக் கண்டம் இருக்கு. அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் எல்லாம் நீர் தட்டுற ஒவ்வொரு எழுத்தையும் இடையில மறிச்சுத்தான் தமிழாக்கித் தருது. பாஸ்வேட் களவெடுக்கிற கீலொக்கரும் இடையில நிண்டு எழுத்தைத்தான் பாக்கும். நடையை மட்டும் பாத்து ஆளை மதிக்கிறவருக்கு ரெண்டும் ஒண்டாத் தெரிஞ்சால் குற்றம் சொல்லேலாது.

விதானையார் கேக்கிற பேர் விலாசமெல்லாம் சரியா இருந்தால் மட்டும் நல்லவன் ஆகிப்போவானோ? லண்டன் சவுத்தாலில பஞ்சாபியளோட இவ்வளவு காலம் இருக்கிறீர், லாகூர்க் கதை தெரியாதோ? 1986இல பிசிக்கு வந்த முதல் வைரஸ் 'பிரெய்ன்', லாகூரில ரெண்டு சகோதரர் எழுதினது. பேர், விலாசம், போன் நம்பர் எல்லாத்தையும் உள்ளுக்கு எழுதி வைச்சவை! 2010இல பிடிபட்ட ஸ்டக்ஸ்நெட் எண்ட வைரஸ், தாய்வான் கொம்பனி ரியல்டெக்கின்ர கையெழுத்தைக் களவெடுத்துக் கொண்டு மாப்பிள்ளை மாதிரி உள்ளுக்குப் போனது.

அப்ப காசு குடுத்து நல்ல சாமானா வாங்குவமோ எண்டு கேப்பீர். வாங்கும், புரோட்வேயில லப்டொப் திருத்துற கடைக்காரனுக்கும் பிள்ளை குட்டி இருக்கு. ஆனால் அவாஸ்ட் எண்ட கொம்பனி, தன்னை நம்பின சனம் இணையத்தில எங்கெங்க போச்சுது எண்ட விபரத்தை வித்ததுக்காக 2024இல அமெரிக்காவில 165 இலட்சம் டொலர் கட்ட வேண்டி வந்ததையும் தெரிஞ்சு வைச்சிரும். அதே வருசம் ஜூலை 19 அண்டு கிரவுட்ஸ்ட்ரைக் எண்ட பாதுகாப்புக் கொம்பனி விட்ட பிழையான அப்டேட்டால 85 இலட்சம் விண்டோஸ் கொம்பியூட்டர் விழுந்தது. இஞ்ச ஸ்கை நியூஸ் நிண்டுது, ஜிபி டொக்டர்மாரின்ர கொம்பியூட்டரும் படுத்துது. அண்டைக்குக் கள்ளன் எண்டு ஒருத்தனும் வரேல்லை, மருமோன்.

எண்டாலும் எல்லாத்தையும் கழட்டி எறியச் சொல்லேல்லை. 2017 மே மாதம் வொன்னாக்ரை எண்ட வைரஸ் வந்து இங்கிலாந்தில 236 என்எச்எஸ் ட்ரஸ்டில 81ஐயாவது குழப்பிப்போட்டுது. மைக்ரோசொஃப்ட் அதுக்கான திருத்தத்தை மார்ச் மாதமே விட்டிட்டுது. போடாமல் இருந்தவை அழுதவை. நீரும் "பிறகு ஞாபகப்படுத்து" எண்டதைத்தானே கனகாலமா அழுத்துறீர்? விண்டோஸோட சும்மா வாற டிஃபெண்டரை நிப்பாட்டாமல், அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் வீட்டுக்குக் காணும். இந்த நாட்டின்ர தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லுது. நீர் கட்டப் பாக்கிற காசை என்ர மகளிட்டைக் குடும்.

இனிக் கத்தினால் முதலில உம்மை நீரே விசாரியும். எங்க இருந்து இறக்கினீர்? செய்தவன்ர சொந்தத் தளத்தில இருந்தோ, இல்லாட்டிப் புதுப்படம் ஓசியில தாறவனிட்டை இருந்தோ? "போட முதல் அன்ரிவைரஸை நிப்பாட்டவும்" எண்டு குறிப்பு எழுதி வைச்சிருக்கிறவன் உமக்கு மாமனோ மச்சானோ? வைரஸ்டோட்டலில போட்டுப் பாரும், எழுபதுக்குக் கிட்ட அன்ரிவைரஸுகள் ஒரே நேரத்தில பாக்கும். பேர் தெரியாத ஒண்டு ரெண்டு மட்டும் கத்தினால் பெரும்பாலும் பிழை. கொம்பனிக்கு அறிவிச்சுப்போட்டு ரெண்டு நாள் பொறும். இருபது கத்தினால் அழிச்சுப்போடும். வீட்டு உறுதி, பாஸ்போட் ஒண்டையும் அங்க ஏத்தாதையும். அங்க போறதை மற்றவையும் பாப்பினம். சிவப்புப் பெட்டியில போன் நம்பர் இருந்தால் அது அன்ரிவைரஸே இல்லை, உம்மட காசுக்கு வலை. உப்பிடிக் குறுஞ்செய்தி வந்தால் 7726 எண்ட முறைப்பாட்டு நம்பருக்கு அனுப்பும்.

உம்மட காவல்காரன் முழிச்சிருக்கிறானோ எண்டு பாக்க ஐகார் எண்டொரு சோதனைக் கோப்பு இருக்கு. வெறும் 68 எழுத்து, ஒரு பாவமும் அறியாதது. அதைக் கண்டால் கத்துறது எண்டு அன்ரிவைரஸ்காரர் தங்களுக்குள்ள பேசி வைச்சிருக்கினம். ஒருக்கா இறக்கிப் பாரும். கத்தினால் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுப் படும். கத்தாட்டி மட்டும் எனக்கு அடியும், அதுவும் சீரியல் முடிஞ்ச பிறகு.