அலை பிடிக்கப் போற மருமோனுக்கு அம்மான் சொல்றது

மருமோன், போர்த்துக்கல்லில நசரே எண்டொரு ஊராம். 2020இல செபஸ்தியான் ஸ்ரொய்ட்னர் எண்ட ஜெர்மன்காரன் அங்க 26 மீற்றர் அலையில பலகை போட்டுச் சறுக்கினானாம். நீயும் போகப் போறியாம். போ ராசா. எங்கட ஊர் சல்லியில கரைவலை இழுக்கக் கூப்பிட்டா, தடிமன் எண்டு போர்த்திக்கொண்டு படுக்கிறவனுக்கு ஏத்த தொழில்தான்.

அங்க ஏன் அப்பிடி எழும்புது எண்டு விசாரிச்சியோ? கடலுக்கடியில பெரிய பள்ளமொண்டு கரைமட்டும் வருது. பள்ளத்தால வாற அலை முந்தி ஓட, மேட்டால வாறது பிந்த, ரெண்டும் கரையடியில ஒண்டில ஒண்டு ஏறுது. எங்கட திருகோணமலைத் துறைமுக வாயிலயும் பள்ளம் கிடக்குத்தான். ஆனா அத்திலாந்திக்கில மாரிப்புயல் தள்ளுற மாதிரித் தள்ள இங்க ஆளில்லை. உனக்கும் உன்ர படிப்புக்கும் உள்ள சங்கதிதான். 1964 மார்கழியில வந்த மாதிரிச் சூறாவளி எப்பவாவது வரும். அதில சறுக்கேலாது, ஓடத்தான் ஏலும்.

உயரத்தைப் பாத்து மயங்காத. 2004 மார்கழி 26, போயா நாள், ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவில நிலம் குலுங்கி ரெண்டு மணித்தியாலத்தில ஜேசன்-1 எண்ட செய்மதி மேலால போய் நடுக்கடலில அந்தச் சுனாமி அலையை அளந்தது. எவ்வளவு தெரியுமோ? 60 சென்ரிமீற்றர் வரும். உன்ர பலகைக்காரன் கண்டிருந்தாக் கொட்டாவி விட்டிருப்பான். ஆனா அதின்ர நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர், ஆழக்கடலில ஓட்டம் மணிக்கு 700. அந்நேரம் எங்கட கரைக்கு வந்தும் சேந்திட்டுது. நாடு முழுக்க முப்பதினாயிரத்துக்கு மேல சனம் போச்சு.

தை மாசம் வெளிநாட்டுப் பேராசிரியர்மார் இலங்கைக் கரைக்கு வந்து, சுவரில ஏறின நீர்க்கறையையும் மரத்தில சிக்கின குப்பையையும் பாத்து அலை ஏறின உயரத்தை அளந்தவை. அதைப் படியன்ரா! கடல் திரும்பிப் போன பிறகு செய்யிற வேலை, காலும் நனையாது.

2012 சித்திரை 11 ஞாபகமிருக்கோ? நிலநடுக்கம் 8.6 எண்டாங்கள், எச்சரிக்கை வந்தது, சனமெல்லாம் உள்பக்கம் ஓடினது. நீ அரைக்காற்சட்டையோட கடல் பாக்க ஓடினாய். அண்டைக்குக் கடலடி நிலம் மேல எழும்பேல்லை, பக்கவாட்டில விலகினது. அதால பேரலை வரேல்லை. நீயோ உன்னைக் கண்டு கடல் பயந்ததெண்டு சாம்பல்தீவுப் பாலத்தில நிண்டு கதை விட்டாய்.

சரி, நசரேக்கு ரிக்கெற் காசு என்னட்டக் கேளாத. கொம்மாட்டக் கேள். கேக்கமுதல் அவவின்ர கையில அகப்பை இருக்கோ எண்டு பாத்துக்கொள்.