துண்டுக்கடியில ஏலம் போற மாடு

விளம்பரம் வராம தடுக்கிற சாமானைப் போன்ல ஏத்திட்டு, இது பாவமா புண்ணியமான்னு தூக்கம் வராம புரள்றியாமே பேராண்டி? உங்க அத்தை மவ சொன்னா. சென்னைக்குப் போயி இம்புட்டு நல்லவனா ஆயிட்டியேன்னு எனக்குப் பெருமைதான். பொங்கலுக்கு வேட்டி எடுத்தாறேன்னு என்கிட்ட சொன்ன வாக்குல மட்டும் எந்தப் பாவமும் ஒட்டல போலருக்கு. சரி, போவட்டும்.

உன் குழப்பம் எனக்குப் புரியுது. ஒருத்தன் எழுதுறான், இன்னொருத்தன் படம் புடிச்சுப் போடுறான், அவங்களுக்கு விளம்பரக் காசுதான் சோறு. படத்தைப் பாத்துட்டு விளம்பரத்தை மட்டும் துடைச்சா அது வயித்துல அடிக்கிற வேலைன்னு யாரோ சொல்லி உன்னைக் கலைச்சு விட்டிருக்கான். ஜெர்மனியில ஆக்செல் ஸ்பிரிங்கர்னு பெரிய பத்திரிகை முதலாளிங்க இதே நியாயத்தைத் தூக்கிக்கிட்டு, ஆட்பிளாக் பிளஸ் நடத்துற கம்பெனி மேல வழக்குப் போட்டாங்க. 2018 ஏப்ரல்ல அந்த நாட்டுப் பெரிய கோர்ட்டு, தடுக்கிறது சட்டவிரோதம் இல்ல, பாக்குறவன் இஷ்டம்னு சொல்லிடுச்சு. ஆனா கூத்து எங்கன்னா, ஜெயிச்ச அந்தக் கம்பெனி 2011லேருந்தே 'இதெல்லாம் தொந்தரவு இல்லாத விளம்பரம்'னு சிலதை உள்ள விட்டுக்கிட்டு இருக்கு, பெரிய கம்பெனிங்ககிட்ட அதுக்குக் காசும் வாங்குது. தடுக்கிறவன் எல்லாம் தர்மராசான்னு நினைச்சுக்காத.

தடுக்கிறது நம்ம சனத்துக்குப் புதுசா என்ன? டிராஃபிக் ராமசாமின்னு சென்னையில ஒருத்தர் இருந்தாரு. என்னாட்டம் கிழவரு. கோர்ட்டுல கேஸ் போட்டது போதாதுன்னு, நடைபாதையில வச்ச பேனரைத் தன் கையாலயே கிழிச்சாரு. அப்போ பைத்தியம்னு சிரிச்சவங்க, 2019 செப்டம்பர்ல பள்ளிக்கரணையில ஸ்கூட்டர்ல போன பொண்ணு மேல பேனர் சாஞ்சு, பின்னால வந்த தண்ணி லாரியில அடிபட்டு அந்தப் புள்ள செத்துப்போனப்புறம் வாயை மூடிக்கிட்டாங்க. அவரும் 2021ல போயிட்டாரு. நம்ம பெரம்பலூரு பாலக்கரையில பாரு, இன்னும் காதுகுத்துக்குப் பேனர் வைக்கிறான். காது குத்திக்கிற புள்ளயவிட மாமன் மூஞ்சி நாலு மடங்கு.

ஆனாலும் அந்த மாமன் பேனர்ல ஒரு நல்ல குணம் இருக்கு. வச்ச இடத்துல நிக்கும். நான் பாக்காம தலையைத் திருப்பிக்கிட்டு எளம்பலூர் பஸ் ஏறிட்டா, அது பின்னாலயே வந்து என் வீட்டு அடுப்புல என்ன கொதிக்குதுன்னு எட்டிப் பாக்காது. உன் போன்ல வர்றது அந்த ரகம் இல்லடா.

மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு உன்னைச் சின்னதுல தூக்கிட்டுப் போனேன், பஞ்சுமிட்டாய் மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்கும். தரகன் ரெண்டு பேரும் கை மேல துண்டைப் போட்டுக்குவான். உள்ள விரலைப் புடிச்சு வெலை பேசுவான். வெளிய நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. பல்லைப் பாத்தாச்சு, சுழி பாத்தாச்சு, நடத்திப் பாத்தாச்சு. இனி விரலுக்கும் விரலுக்கும்தான் பேச்சு. மாடு பாவம், வைக்கோலைத் தின்னுக்கிட்டு நிக்கும். நீ ஒரு பக்கத்தைத் தொறக்குறியே, அது வந்து நிக்கிறதுக்குள்ள நடக்குறதும் இதுதான். நீ எந்த ஊர்ல இருக்க, என்ன போன் வச்சிருக்க, முன்னாடி எதைத் தேடினன்னு பல பேருக்கு விவரம் போவுது. அவனவன் வெலை கேக்குறான். கண் சிமிட்டுறதுக்குள்ள ஏலம் முடிஞ்சு, ஜெயிச்சவன் விளம்பரம் உன் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. சந்தையிலயாவது மாட்டை ஒருத்தன்தான் ஓட்டிட்டுப் போவான். இங்க ஏலத்துல தோத்தவனும் உன் பல்லை எண்ணிப் பாத்துட்டுப் போறான். இதுல நீ யாருன்னு இன்னும் வெளங்கலையா? துண்டும் இல்ல, தரகனும் இல்ல. வைக்கோல் தின்னுக்கிட்டு நிக்கிற ஆளு.

நம்ம மக்காச்சோளத்தையே எடுத்துக்க. 2018ல அமெரிக்கன் படைப்புழு வந்து குருத்துல உக்காந்து தின்னுச்சே, பெரம்பலூரு அரியலூரு ரெண்டு பக்கமும் சனம் தலையில கை வச்சுச்சு. இப்ப ஒருத்தன் புழுவுக்கு என்ன அடிக்கலாம்னு போன்ல தேடுறான்னு வையி. முதல்ல பூச்சிமருந்து விளம்பரம் வரும், நியாயம். அப்புறம் 'அஞ்சு நிமிசத்துல கடன்'னு வரும். அது எப்படி அவனுக்குத் தெரிஞ்சுது, வெள்ளாமை போச்சுன்னு? கஷ்டத்தைத் தெரிஞ்சுக்கிட்டு வர்றவன் வட்டியைக் கம்மியாவா போடுவான்? கடன் ஆப்புக்காரன் போன்ல இருக்குற சொந்தக்காரன் நம்பரையெல்லாம் உருவிட்டு அசிங்கப்படுத்தினானே, அதுக்கப்புறம்தான் 2022 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி 'தொடர்புப் பட்டியலைத் தொடாத'ன்னு விதி போட்டுச்சு. கள்ள ஆப்புக்காரன் ரிசர்வ் வங்கிக்குப் பயந்தவனாட்டம் எனக்குத் தெரியல.

விளம்பரத்தைத் தடுக்கிறது திருட்டோன்னு குழம்புறியே, யாரு யார் வீட்டுல திருடுறான்னு முதல்ல கணக்குப் போடு. அமெரிக்காவுல எஃப்.பி.ஐ. போலீசே, தேடுற எடத்துல வர்ற போலி விளம்பரத்துல ஏமாறாம இருக்கத் தடுப்பான் போட்டுக்கங்கன்னு 2022 டிசம்பர்ல சனங்களுக்குச் சொல்லியிருக்கு. போலீசு சொல்லித் திருடுனவன் நீ ஒருத்தனா இருப்ப.

இன்னொரு கிழவர் கதையும் கேட்டுக்க. புட்டசாமின்னு கர்நாடகத்துல ஓய்வு பெற்ற நீதிபதி. எண்பத்தி சொச்சம் வயசுல, 2012ல, ஆதாரை எதுத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனாரு. 2017 ஆகஸ்ட் 24ல ஒன்பது நீதிபதியும் ஒரே குரல்ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. பேனரைக் கிழிச்சவரு கிழவரு, அந்தரங்கத்துக்குக் கேஸ் போட்டவரும் கிழவரு. எளவட்டப் பசங்க நீங்க ரீல்ஸ் பாத்துக்கிட்டு இருந்தீங்க. 2023ல சட்டமும் வந்துச்சு: தகவல் எதுக்குன்னு தமிழ்லயும் கேட்டு வாங்கிக்கலாம், பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது, தகவலைக் காப்பாத்தாம கோட்டை விட்டா 250 கோடி வரைக்கும் அபராதம். விதி 2025 நவம்பர்லதான் வந்துச்சு. கம்பெனிக்காரன் தயாராவுறதுக்கு 18 மாசம் அவகாசம் வேற. கூட்டுறவுக் கடன்ல எனக்கு ஒரு வாரம் தள்ளிக் குடுக்க மாட்டேங்குறான்.

அதனால தடுத்துக்க, தாராளமாத் தடுத்துக்க. ஆனா கூகுள் வருமானத்துல பெரும்பங்கு விளம்பரக் காசு. குரோமும் அவனுதுதான். யூபிளாக் ஆரிஜின்னு நல்லாத் தடுத்த சாமானை அதுல ஓடாம பண்ணிட்டான். பாதுகாப்புக்குத்தான் மாத்துனோம்னு காரணமும் சொல்றான். மாடு விக்கிறவனும் மாட்டு நல்லதுக்குத்தான் விக்கிறேம்பான். ஃபயர்ஃபாக்ஸ்ல அது இன்னும் ஓடுதுன்னு உங்க அத்தை மவ சொல்றா, கேட்டு மாத்திக்க.

ஒண்ணு மட்டும் உறுத்தணும், அது உறுத்துனா சரி. நம்ம பக்கத்து ஏரி உடைஞ்சா, சின்ன வெங்காயம் வெலை விழுந்தா, நெட்டுல எழுதுற பொடியன் ஒருத்தன் இருப்பான்ல, அவன் பக்கத்துல மட்டும் தடுப்பானை நிறுத்தி வையி. அவன் பக்கத்துலயும் உன்னைப் பின்தொடர்ற சாமான் ஓடுதுன்னா தடுத்துக்க, ஆனா சந்தா கட்டிடு. ஓசியிலயும் படிப்பேன், விளம்பரமும் பாக்க மாட்டேன், காசும் குடுக்க மாட்டேன்னா, உன்னைப் பத்தி அந்த ஜெர்மன் முதலாளி சொன்னது கொஞ்சம் சரிதான்.

வேட்டி எடுக்கப் போவல்ல, பில் போடுற புள்ள 'சார், போன் நம்பர்?'னு கேக்கும். பரிசுக் கூப்பன்னு பல்லைக் காட்டும். ஊரு உலகத்து விளம்பரத்தையெல்லாம் தடுத்த வீரன் நீ, அங்க பத்து நம்பரையும் மளமளன்னு ஒப்பிச்சிட்டு வருவன்னு எனக்குத் தெரியும். குடுக்கணும்னு கட்டாயம் இல்லடா, பில்லை மட்டும் குடு தாயின்னு சொல்லு. ரொம்ப நச்சரிச்சா உங்க சின்னப்பன் நம்பரைச் சொல்லிடு. வரப்பைத் தள்ளி வெட்டினான்ல, கொஞ்ச நாள் ஆடித் தள்ளுபடி மெசேஜ் எல்லாம் அவனுக்கே போவட்டும்.